மூச்சை கவனிக்கச் சொல்றீங்க, அலாரத்தை யாருங்க குறைக்கிறது?

போன மாசம் எங்க ஆபீஸ்ல 'மைண்ட்ஃபுல்னஸ்' பயிலரங்கம் ஒண்ணு நடத்தினாங்க. ஆன்லைன்லதான். ரெண்டு மணி நேரம். கேமரா ஆன்ல இருக்கணும், ஆனா கண்ணை மூடிக்கணும். (இதுல கேமரா எதுக்குன்னு கேக்கப்படாது. தூங்குறவனையும் தியானம் பண்றவனையும் கண்டுபிடிக்கவாம்.) நடத்தின அம்மாவுக்கு ரொம்ப இதமான குரல். "உங்க மூச்சு உள்ள போறதை மட்டும் கவனிங்க"ன்னாங்க. கவனிச்சேன். அது உள்ள போறதுக்குள்ள ஒரு 'டிங்'. வெளிய வர்றதுக்குள்ள இன்னொரு 'டிங்'. கண்ணை மூடிக்கிட்டே எது ஆபீஸ் டிங், எது பேங்க் டிங், எது அப்பார்ட்மெண்ட் அசோசியேஷன் டிங்னு பிரிச்சு சொல்ற அளவுக்கு நான் தேறியிருக்கேங்கிறது அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஞானம் வந்துடுச்சு :-)

முடிஞ்சதும் என்ன பண்ணாங்கங்கறீங்க? கலந்துகிட்ட நூத்து சொச்சம் பேரையும் சேர்த்து ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சாங்க. பேரு 'இக்கணம்'. மறுநாள் காலைல 5 மணியிலேர்ந்து புத்தர் படம் போட்ட குட்மார்னிங். எட்டு மணிக்குள்ள அறுபத்தி மூணு மெசேஜ். அதுல நாப்பது, கை கூப்புற பொம்மை.

சிரிச்சுட்டு போயிடலாம்னுதான் இருந்தேன். ஆனா அதே வாரத்துல நம்ம வட்டாரத்திலேயே ரெண்டு மூணு நண்பர்கள் இதே சமாச்சாரத்தை உருகி உருகி எழுதியிருந்தாங்க. போன் நம்மளை அடிமையாக்கிடுச்சு, கவனம் சிதறுது, தினமும் பத்து நிமிஷம் மூச்சை கவனிச்சா போதும், எல்லாம் நம்ம மனசுலதான் இருக்கு, இத்யாதி இத்யாதி. படிச்சதும் சுர்ருனு ஏறிடுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

முதல்லயே ஒண்ணு. நான் தியானத்துக்கு எதிரி இல்ல. தினமும் காலைல இருபது நிமிஷம் உக்காருறவன்தான். ஆராய்ச்சியெல்லாம் சும்மா கதைன்னும் சொல்ல வரலை. 2014-ல அமெரிக்க மருத்துவ சங்கத்தோட ஒரு இதழ்ல 47 ஆய்வுகளை, சுமார் 3500 பேரை, ஒண்ணா சேர்த்துப் பார்த்து ஒரு அலசல் வந்துச்சு. பதட்டம், மனச்சோர்வு, வலி இதுக்கெல்லாம் தியானப் பயிற்சி ஓரளவு உதவுதுன்னு சொன்னாங்க. அதே கட்டுரையில இன்னொரு வரியும் உண்டு, அதை எந்த பயிலரங்கத்துலயும் காட்ட மாட்டாங்க: கவனம், தூக்கம் இந்த விஷயங்கள்ல பலன் இருக்குன்னு சொல்லப் போதுமான ஆதாரம் கிடைக்கலை. 2022-ல இங்கிலாந்துல எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிக்கூடங்கள்ல, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வச்சு செஞ்ச பெரிய சோதனையோட முடிவும் வெளியாச்சு. மைண்ட்ஃபுல்னஸ் பாடம் படிச்ச பிள்ளைகளுக்கும் வழக்கமான பாடம் படிச்ச பிள்ளைகளுக்கும் மனநலத்துல பெரிசா ஒரு வித்தியாசமும் இல்ல. ஆக, மருந்து மோசமில்ல. எந்த நோவுக்கு எழுதிக் கொடுக்குறாங்கங்கிறதுலதான் எனக்குச் சண்டை.

இப்ப ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்கப்பா நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்துல ஆபரேட்டர். சோவியத் உதவியோட கட்டி 1962-ல ஓட ஆரம்பிச்ச ஸ்டேஷன் அது. மொத்தம் 600 மெகாவாட். அப்பா சேர்ந்தது 1966-ல. ஷிஃப்ட் வேலை. எங்க வட்டத்துல (நெய்வேலிக்காரங்களுக்குத் தெரியும், எங்களுக்கு தெருவெல்லாம் கிடையாது, நம்பர் போட்ட வட்டம்தான்) பாதி வீட்டுல பகல்ல ஒரு அப்பா தூங்கிட்டு இருப்பார். மரத்தடியில கிரிக்கெட் ஆடினா, "டேய், நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்துருக்காருடா, தள்ளிப் போய் ஆடுங்கடா"ன்னு ஏதாவது ஒரு அத்தை விரட்டும். ஒருத்தர் தூங்கணும்கிறதுக்காக ஒரு தெருவே சத்தத்தைக் குறைச்சுக்கும். அப்ப அது பெரிய விஷயமாத் தெரியலை.

அப்பாவோட வேலை என்னன்னு சின்ன வயசுல கேட்டா, "பாத்துக்கிட்டு இருக்குறது"ன்னு சொல்வார். எனக்கு ஏமாற்றமா இருக்கும். பக்கத்து வீட்டு பையனோட அப்பா சுரங்கத்துல, மலை மாதிரி நிக்கிற பக்கெட் வீல் இயந்திரத்துகிட்ட வேலை. எங்கப்பா என்னடான்னா உக்காந்து முள்ளைப் பாக்குறாராம். ஆனா அந்தப் பாக்குற வேலை லேசுப்பட்டதில்லைன்னு ரொம்ப பிற்பாடுதான் புரிஞ்சுது. பாய்லர் டிரம்ல தண்ணி மட்டம் கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து. மணிக்கு ஒரு தடவை எல்லா அளவையும் லாக் ஷீட்டுல எழுதணும். எல்லாத்தையும் விட முக்கியமான விதி ஒண்ணு: அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து, லாக் புக்கைப் படிச்சு, "சரி, நான் பாத்துக்கிறேன்"னு சொல்ற வரைக்கும் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அவர் சொல்லிட்டார்னா, அந்த நிமிஷத்துலேர்ந்து அது உன் பாய்லர் இல்ல. சைக்கிளை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். நிம்மதியா.

அப்புறம் அலாரம். கண்ட்ரோல் ரூம் பேனல் மேல வரிசையா சின்னச் சின்ன கண்ணாடிக் கட்டங்கள். ஏதாவது எல்லை தாண்டினா அந்தக் கட்டம் மினுக்கும், கூடவே ஹூட்டர் அலறும். ஆபரேட்டர் 'அக்செப்ட்' பட்டனை அமுக்கினா ஹூட்டர் அடங்கிடும், மினுக்குறதும் நின்னு விளக்கு நிலையா எரியும். அதாவது, 'பாத்துட்டேன்'னு அர்த்தம். கோளாறு சரியாச்சுன்னு அர்த்தமில்ல. அப்பா புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாள் சொல்ற பாடம் இதுதானாம்: "சத்தத்தை நிறுத்துறதுக்காக பட்டனை அமுக்காத. எந்தக் கட்டம்னு படிச்சுட்டு அமுக்கு."

இப்ப 1979-க்கு வாங்க. அந்த வருஷம் அமெரிக்காவுல ரெண்டு விஷயம் நடந்துச்சு, ரெண்டையும் சேர்த்து யாரும் பேசி நான் கேட்டதில்ல. மார்ச் 28-ம் தேதி பென்சில்வேனியாவுல த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்துல விபத்து. முதல் சில நிமிஷங்கள்லயே நூத்துக்கும் மேல அலாரம் அடிச்சுதுன்னு விசாரணைக் குழு சொல்லுச்சு. எது முக்கியம், எது சில்லறைன்னு பிரிக்க அந்த பேனல்ல வழியே இல்ல. அலாரம் பேனலையே தூக்கி எறிஞ்சிடலாம் போல இருந்துச்சுன்னு ஒரு ஆபரேட்டர் விசாரணையில சொன்னார். பாவம்.

அதே 1979-ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில ஜான் கபாட்-ஜின் அப்படிங்கிறவர், எந்த மருந்துலயும் அடங்காத நாள்பட்ட வலிக்காரங்களுக்காக பயிற்சி ஒண்ணு ஆரம்பிச்சார். பௌத்த தியானத்துலேர்ந்து மதத்தை வடிகட்டிட்டு எடுத்தது. இன்னிக்கு உங்க ஆபீஸ்ல நடக்குற பயிலரங்கம் வரைக்கும் எல்லாத்துக்கும் மூலம் அதுதான். அவர் செஞ்சது நியாயமான காரியம். தீராத வலியோட இருக்குறவனுக்கு வலியை நிறுத்த முடியாது, அதோட எப்படி இருக்குறதுன்னு சொல்லித் தரலாம். நிறுத்த முடியாத வலி. அடிக்கோடு போட்டுக்கங்க.

அணு உலைக்காரங்க என்ன பண்ணாங்க? ஆபரேட்டர்களைக் கூப்பிட்டு, "அலாரம் அடிக்கும்போது மூச்சை கவனிங்க"ன்னா சொன்னாங்க? பேனலை மாத்தினாங்க.

பாடம் ஒரே தடவையில ஏறிடலை. 1994 ஜூலை 24-ம் தேதி பிரிட்டன்ல மில்ஃபோர்ட் ஹேவன்ல ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடிச்சுது. வெடிக்கிறதுக்கு முன்னாடி கடைசி 11 நிமிஷத்துல ரெண்டு ஆபரேட்டர்கள் முன்னாடி வந்து விழுந்த அலாரம் 275. கணக்குப் போட்டுப் பாருங்க, ரெண்டரை செகண்டுக்கு ஒண்ணு. அவங்களும் அக்செப்ட் பட்டனை அமுக்கிக்கிட்டேதான் இருந்திருப்பாங்க. வேற என்ன செய்ய முடியும்? அதுக்கப்புறம் 1999-ல அங்க பொறியாளர்கள் ஒரு வழிகாட்டி நூல் போட்டாங்க. எல்லாம் ஒழுங்கா ஓடிட்டு இருக்குற நேரத்துல ஒரு ஆபரேட்டருக்கு பத்து நிமிஷத்துக்கு ஒரு அலாரத்துக்கு மேல வரக் கூடாது. நிமிஷத்துக்கு ஒண்ணுக்கு மேல வந்தா அந்த ஏற்பாடே ஏத்துக்க முடியாதது. செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லாத விஷயத்துக்கு அலாரமே வைக்கக் கூடாது. பாருங்க, இதுல ஒரு வரி கூட ஆபரேட்டரோட மன உறுதியைப் பத்தி இல்ல. மனுஷனோட கவனம் இவ்வளவுதான், அதுக்கு மேல கொட்டினா தப்பு கொட்டினவன் மேலங்கிறதுதான் அடிப்படை.

பயிலரங்கம் முடிஞ்ச மறுநாள் நான் ஒரு வேலை பண்ணேன். காலைல எழுந்ததுலேர்ந்து படுக்குற வரைக்கும் போன்லயும் லேப்டாப்லயும் வந்த டிங்கையெல்லாம் ஒரு நோட்டுல கோடு போட்டு எண்ணினேன். 213. பதினாறு மணி நேரத்துக்கு. நாலரை நிமிஷத்துக்கு ஒண்ணு. எண்ணெய் ஆலை பொறியாளர்கள் வச்ச அளவைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. நான் எண்ணெயும் சுத்திகரிக்கலை, அணுவையும் பொளக்கலை. ஒரு பேங்குக்கு ரிப்போர்ட் எழுதுற சாஃப்ட்வேர்ல ஆணி புடுங்குறேன், அவ்வளவுதான். அந்த 213-ல நான் ஏதாவது செஞ்சே ஆகணும்னு இருந்தது பதினொண்ணு. மிச்சமெல்லாம் தீபாவளி தள்ளுபடி (ஆடி மாசத்துல!), யாரோ யாரையோ லைக் பண்ணது, லோன் வேணுமா, அப்புறம் நான் காசு குடுத்து வாங்கின தியான ஆப்பு: "இன்னிக்கு நீங்க இன்னும் அமைதியா இருக்கலை, உங்க 41 நாள் தொடர் அறுந்துடப் போகுது!" பதறிப் போய் உக்காந்து அமைதியா இருந்தேன். அவ்வ்வ்.

இதெல்லாம் தானா முளைச்சதில்ல. கீழ போகப் போக முடியாத பக்கத்தை 2006-ல வடிவமைச்ச ஆசா ராஸ்கின் பின்னாடி அதுக்காக வருத்தப்பட்டு பேட்டியே கொடுத்தார். தினத்தந்தியைப் படிச்சா கடைசி பக்கம் வந்துடும், மடிச்சு வச்சுடுவோம். அந்தக் கடைசி பக்கத்தைத்தான் கழட்டினாங்க. அதை யோசிச்சு, அளந்து, சம்பளம் வாங்கிச் செஞ்சவங்க இருக்காங்க. நம்ம கவனம் எத்தனை நிமிஷம் அங்க நின்னுதோ அத்தனைக்கு விளம்பரக் காசு. எங்க ஊர்ல பழுப்பு நிலக்கரி எடுக்க முதல்ல மேல இருக்குற மண்ணையெல்லாம் வழிச்சு எடுப்பாங்க, மரம், வரப்பு, கிணறு எல்லாம் அதோட போகும். அது எனக்குப் பழகின காட்சி. போன் பேசாம அதைத்தான் செய்யுதுன்னு தோணும்.

இங்க நண்பர் ஒருத்தர் சொல்வார், "பிடிக்கலைன்னா ஆஃப் பண்ணிட்டுப் போயேன்யா, யார் உன்னைக் கட்டாயப்படுத்தினா?"

2020 ஜூலை 1. காலை நேரம். இரண்டாம் அனல்மின் நிலையத்துல பாய்லர் விபத்து. அன்னிக்கே 6 பேர் போனாங்க, அடுத்தடுத்த நாள்ல ஆஸ்பத்திரியில இன்னும் பலர். அன்னிக்கு நெய்வேலியில எந்த வீட்டுலயும் யாரும் போனை கீழ வைக்கலை. எந்த யூனிட், யாரு டியூட்டி, யாரு காண்ட்ராக்ட் ஆள், எந்த ஊருன்னு ஒவ்வொரு டிங்குக்கும் நெஞ்சு நின்னு நின்னு அடிச்சுது. அந்தக் கருவியிலதான் தீபாவளி தள்ளுபடியும் வருது. ஒரே மணி, ஒரே நடுக்கம். ஆஃப் பண்ணிட்டுப் போன்னு சொல்றவங்களுக்கு ஷிஃப்ட் போற ஆள் வீட்டுல இல்லைன்னு அர்த்தம். எல்லாத்தையும் ஒரே ஹூட்டர்ல கட்டிவச்சவன் செஞ்ச தப்பு, தப்பா பட்டனை அமுக்கினவன் தலையில விடியுது.

இன்னொண்ணும் இருக்கு, அதைச் சொன்னா அரசியல்ம்பாங்க, சொல்லிடுறேன். 2023 ஜூலை 26-ம் தேதி சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில, சுரங்கத் தண்ணி போக கால்வாய் வெட்ட, நட்டு வளர்ந்து நின்ன நெல் வயல்ல இயந்திரம் இறங்குச்சு. நிலத்தை எப்பவோ கையகப்படுத்தியாச்சுங்கிறது நிறுவனத்தோட வாதம். நானே அந்தச் சம்பளத்துல வளர்ந்தவன், எனக்கு இதுல சுலபமான பதில் கிடையாது. ஆனா அந்த வீடியோ போன்ல வந்தப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. பயிலரங்க பாஷையில சொன்னா நான் 'அந்த உணர்வை எடை போடாம கவனிச்சு, கடந்து போக விட்டு'டணும். ஏன் விடணும்? சில விஷயத்துக்கு மனுஷன் கலங்கித்தான் ஆகணும். கலங்காம இருக்கக் கத்துக்கிட்டவனால யாருக்கு லாபம்?

"இது நம்ம பாரம்பரியம் சார், மேற்கு நம்மகிட்டேர்ந்து எடுத்துக்கிட்டது"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். சரி, பாரம்பரியத்தைப் பார்ப்போம். புத்தரோட எட்டு வழியில நற்கடைப்பிடி ஒண்ணு, அதுதான் இவங்க சொல்ற மைண்ட்ஃபுல்னஸ். அதுக்கு முன்னாடியே நல்வாழ்க்கைன்னு ஒண்ணு இருக்கு, அடுத்தவனுக்குக் கேடு செய்யாத தொழில். எட்டுல அந்த ஒண்ணை மட்டும் கழட்டிட்டு வந்தா எப்படி? நம்மூர்லயே சிங்காரவேலர் இருந்தார். சென்னையில மகாபோதி சங்கத்தைத் தன் வீட்டுலயே நடத்தின பௌத்தர். அதே ஆள்தான் 1923 மே 1-ம் தேதி இந்தியாவிலேயே முதல் தடவையா சென்னைக் கடற்கரையில மே தினம் கொண்டாடினவர். அவருக்கு புத்தரையும் எட்டு மணி நேர வேலையையும் ரெண்டா வெட்டத் தோணலை.

வள்ளுவரைத்தான் விடுவோமா? மைண்ட்ஃபுல்னஸுக்குத் தமிழ்ல வார்த்தை தேடி 'நினைவாற்றல்', 'மனநிறைவு', 'விழிப்புணர்வு'ன்னு ஆளாளுக்கு அல்லாடுறாங்க. 'பொச்சாவாமை'ன்னு ஒரு அதிகாரமே இருக்கு சாமி, 54-வது. மறந்தும் அசந்து போகாம இருக்குறது. ஆனா அதை எங்க வச்சிருக்கார் பாருங்க. துறவறத்துல இல்ல. பொருட்பாலில், அரசியல்ல, செங்கோன்மைக்கு முந்தின அதிகாரமா. யாரு விழிப்பா இருக்கணும்? ஆளுறவன். அதிகாரத்துல இருக்குறவன். அவன் களிப்புல அசந்து போனா ஊரே அனுபவிக்கும். நாம அதைத் தலைகீழா ஆக்கி, பதினொரு மணி வரைக்கும் மெசேஜுக்குப் பதில் போட்டுட்டு இருக்குறவன்கிட்ட, "நீ விழிப்பா இல்லப்பா"ங்கிறோம்.

வடலூர் எங்களுக்குப் பக்கத்துல. தைப்பூசத்துக்கு சத்திய ஞான சபையில ஏழு திரை நீக்கி ஜோதி காட்டுவாங்க. போன தடவை போயிருந்தேன். திரை விலகுற நேரம் எனக்கு முன்னாடி எட்டாவது திரையா முன்னூறு செல்போன். மனசைக் குரங்குன்னு பாட்டுலயே திட்டின வள்ளலார் இதைப் பாத்தா என்ன சொல்லியிருப்பாரோ. (நானும் எடுத்தேன். மங்கலா வந்துருக்கு.)

விஷயத்துக்கு வர்றேன். எனக்கு வேணும்கிறது தியானம் இல்ல, ரிலீவர். அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து "நான் பாத்துக்கிறேன்"னு சொல்ற அந்த நிமிஷம். நம்ம வேலையில அது எங்க இருக்கு? ஷிஃப்டே முடியுறதில்ல. பிரான்ஸ்ல 2017 ஜனவரியிலேர்ந்து, 50 பேருக்கு மேல வேலை செய்யுற கம்பெனிகள் வேலை நேரம் முடிஞ்சப்புறம் தொடர்பைத் துண்டிச்சுக்குற உரிமையைப் பத்தி ஊழியர்களோட பேசித் தீர்மானிக்கணும்னு சட்டம். ஆஸ்திரேலியாவுல 2024 ஆகஸ்ட்ல கொண்டு வந்தாங்க. நம்ம நாடாளுமன்றத்துல சுப்ரியா சுலே 2018-ல தனிநபர் மசோதாவா கொண்டு வந்தார், அது சட்டமாகலை. நம்ம சட்டசபையில 2023 ஏப்ரல் 21-ம் தேதி பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி விடுற திருத்தத்தை நிறைவேத்தினாங்க. தொழிற்சங்கமும் கூட்டணிக் கட்சிகளும் கத்தின கத்துல மூணு நாள்ல நிறுத்தி வச்சு, மே தினத்தன்னிக்கு வாபஸ்னு அறிவிச்சாங்க. கவனிக்க: யாரும் மூச்சை கவனிச்சு அதை நிறுத்தலை. கத்தி நிறுத்தினாங்க.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேப்பீங்க. சொல்லிடுறேன், சொல்லாம விட்டா இது வெறும் ஜல்லி.

அப்பா 2002-ல ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு இந்திரா நகர்ல வீடு கட்டிக்கிட்டார். கொரோனா நேரத்துல நான் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு அங்க வந்துட்டேன். 2020-ல முதல் அனல்மின் நிலையத்தை முழுசா நிறுத்தினாங்க. அப்பா அதைப் பத்தி பெருசா ஒண்ணும் பேசலை. நிறுத்தின சேதி வந்து நாலஞ்சு நாள் இருக்கும், சாயங்காலம் மொட்டை மாடியில உக்காந்திருந்தோம். திடீர்னு ஆரம்பிச்சார். ஒரு ஐப்பசி ராத்திரி, விடாத மழை, கரியெல்லாம் நனைஞ்சு பங்கர்ல ஒட்டிக்கிட்டு கீழ இறங்க மாட்டேங்குது, பாய்லர்ல நெருப்பு தடுமாறுது, ரிலீவர் வரலை, ரோட்டுல மரம் விழுந்து பஸ் நின்னு போச்சு... அவர் சொல்லிக்கிட்டே இருக்கார். எனக்கு போன்ல ஆபீஸ் குரூப். மறுநாள் ரிலீஸ். நான் "ம்ம்... ம்ம்..."னு கொட்டிக்கிட்டே டைப் அடிச்சுட்டு இருக்கேன்.

கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னு போச்சு. நிமிர்ந்து பாத்தேன்.

"என்னப்பா, அப்புறம்?"

"நீ அக்செப்ட் பட்டன் அமுக்குறடா. கட்டத்தைப் படிக்கலை."

கோவமா சொல்லலை. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நான், "இல்லப்பா, கேட்டுட்டுதான் இருக்கேன், சொல்லுங்க"ன்னேன். "அவ்வளவுதான்டா, விடிஞ்சுது, வந்தேன்"ன்னு சொல்லிட்டு, பனி விழுதுன்னு கீழ இறங்கிப் போயிட்டார். அந்த ரிலீஸ் ரெண்டு வாரம் தள்ளிப் போச்சு, அது வேற கதை.

மறுபடி ஒருநாள் கேட்டுக்கலாம்னு நினைச்சேன். 2021 மே மாசம், ரெண்டாவது அலையில போயிட்டார்.

இதைச் சொன்னா தியானக் கோஷ்டி உடனே, "பாத்தீங்களா, நீங்க அன்னிக்கு மைண்ட்ஃபுல்லா இருந்திருந்தா..."ன்னு ஆரம்பிக்கும். தெரியுங்க. என் தப்புதான், அதை எந்தக் கம்பெனி மேலயும் போட்டுட்டு நான் தூங்கப் போறதில்ல. ஆனா ராத்திரி ஏழரை மணிக்கு அந்த மெசேஜ் எதுக்கு வந்துச்சு? நான் அன்னிக்குப் பதில் போடலைன்னா என்ன நடந்திருக்கும்னு எனக்கு ஏன் பயம் இருந்துச்சு? அப்பாவோட சூப்பர்வைசர், ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவரை ராத்திரி எழுப்பி முள் எங்க நிக்குதுன்னு கேட்டதா எனக்கு நினைவில்ல. கேட்டிருந்தாலும் அப்பா, "லாக் புக்கைப் பாருங்க"ன்னு சொல்லிட்டு திரும்பிப் படுத்திருப்பார். அந்தத் தெம்பு அவருக்கு தியானத்துல வந்ததில்ல. பின்னாடி சங்கம் இருந்துச்சு, சட்டம் இருந்துச்சு, அடுத்த ஷிஃப்ட் ஆள் இருந்தார்.

பயிலரங்கம் முடிஞ்சு கருத்து கேட்டு ஒரு படிவம் அனுப்பினாங்க. 'எங்கள் நிறுவனம் உங்கள் மன அமைதிக்கு இன்னும் என்ன செய்யலாம்?' நான் எழுதினது: ராத்திரி ஏழுக்கு மேல மெசேஜ் போகாதபடி சர்வர்லயே பூட்டுங்க, அவசரத்துக்கு முறை வச்சு ஒருத்தரைப் போடுங்க, அவர் பேரை எல்லாருக்கும் சொல்லுங்க. மூணே வரி. பதில் இன்னும் வரலை. 'இக்கணம்' குரூப்லேர்ந்து மட்டும் தினமும் காலைல வருது.

பி.கு: நம்ம ஆட்கள்ல நெய்வேலிக்காரங்க கொஞ்ச பேர் இருக்கீங்கன்னு தெரியும். உங்க அப்பாவோ மாமாவோ முதல் அனல்மின் நிலையத்துல பாய்லர்ல வேலை பாத்திருந்தா ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. ஐப்பசி மழை, கரி இறங்காம நின்ன ராத்திரி, மரம் விழுந்து ஷிஃப்ட் பஸ் வராம போனது. வருஷம் தெரியலை, எழுபதுகளா இருக்கலாம். விடியற வரைக்கும் என்ன பண்ணாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும்.